பீசாக் ஞாயிற்றுச் சந்தை: துணி, சாயம், கிழங்கு – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குன்றிமணி:
பெருவில் கூஸ்கோ பக்கம் ஜூலையில் ஐந்து நாள் பயணம். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. பக்கத்து ஊர்களான பீசாக், சின்செரோ இரண்டிலும் ஞாயிற்றுச் சந்தை; பீசாக் போவதா, சின்செரோ போவதா? கைத்தறித் துணி ஒன்று நல்லதாக வாங்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவருக்கு சந்தையில் என்ன கிடைக்கும்? "இப்போது எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான், போய்ப் பயனில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?

மலைவாசல்:
ஒரே ஒரு ஞாயிறு என்றால் பீசாக். காரணம் உயரம். கூஸ்கோ சுமார் 3,400 மீட்டர், பீசாக் 3,000-க்குக் கொஞ்சம் கீழே, சின்செரோ ஏறத்தாழ 3,760. விமானம் விட்டு இறங்கிய மறுநாளே சின்செரோ ஏறினால் தலைவலியோடு சந்தை பார்க்க வேண்டியிருக்கும். பீசாக் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு, உடம்பு பழகிக்கொள்ளும்.

கூஸ்கோவில் புபூத்தி தெருவிலிருந்து பங்கு வேன் ஓடுகிறது. கொலெக்தீவோ என்பார்கள். ஆள் நிரம்பியதும் கிளம்பும், ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம், கட்டணம் சில சோல்தான் (சோல் பெருவின் பணம்). காலை ஏழு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவது பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் இருப்பது ஒரு சந்தை, பின்னால் இருப்பது வேறு சந்தை.

மேலே இருக்கும் இன்கா இடிபாடுகளுக்குத்தான் சுற்றுலாச் சீட்டு வேண்டும். சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சந்தை வாசலில் யாராவது சீட்டு விற்றால் வாங்காதீர்கள்.

தறியோசை:
"ஒரே சரக்கு" என்பது பாதி உண்மை. கைவினைக் கடைகளில் தொங்கும் தொப்பி, மப்ளர், லாமா படம் போட்ட ஸ்வெட்டர் பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னியவை. அவை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் கைநெசவும் அதே வரிசையில்தான் கிடக்கிறது, அடுக்கின் அடியில், மடித்து வைத்தபடி. எதைப் பார்த்து அடையாளம் காண்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள். துணியின் நாலு ஓரத்தையும் பாருங்கள்.

ஆண்டிஸ் மலைப்பக்கத்து இடுப்புத் தறியில், அதாவது இடுப்பில் கட்டி இழுத்து நெய்யும் தறியில், துணியை நெய்து வெட்டுவதில்லை. எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கே பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டி, பாவு இழை இரண்டு முனையிலும் சுற்றித் திரும்பும்படி நெய்கிறார்கள். அதனால் நாலு பக்கமும் கரை இயல்பாகவே முடிந்திருக்கும். வெட்டிய விளிம்பும் இருக்காது, மடித்துத் தைத்த தையலும் இருக்காது. மிதிதறியில் நெய்த துணிக்கு இரண்டு பக்கம்தான் கரை, மற்ற இரண்டும் வெட்டி மடித்தவை. அதுவும் கையால் நெய்ததுதான், ஆனால் வேறு வேலை, வேறு விலை.

இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. நெய்து கொண்டே போய்க் கடைசிச் சில அங்குலத்துக்கு வரும்போது பாவு இறுகிவிடும். குச்சி நுழைய இடம் இருக்காது. அங்கே ஊசியில் நூலைக் கோத்து, ஊடையை (குறுக்கு நூலை) ஒவ்வொன்றாகக் கையால் நுழைத்து முடிப்பார்கள். அந்தப் பட்டையில் பூவேலை எளிமையாகிவிடும், அல்லது நெசவு லேசாகத் தளர்ந்திருக்கும். துணியை விரித்து ஒரு முனைப் பக்கம் விரலை ஓட்டினால் தட்டுப்படும். தெரியாதவர்கள் அதைக் குறை என்று ஒதுக்குகிறார்கள். அதுதான் கைநெசவின் கையெழுத்து.

தோளில் போர்த்தும் யிக்யா என்றால் இரண்டு துண்டாக நெய்து நடுவில் இணைத்திருப்பார்கள். நடுத்தையலைப் பாருங்கள், நல்ல நெசவுக்காரி அதையும் வண்ண நூலில் அழகாகப் போட்டிருப்பார். வெற்றுப் பகுதிக்கு பம்பா என்றும், பூவேலைப் பட்டைக்கு பல்யாய் என்றும் பெயர். பல்யாய் என்றால் அந்த மலைமக்களின் மொழியான கெச்சுவாவில் பொறுக்கி எடுப்பது. பாவு இழையை விரலால் பொறுக்கித்தானே பூ விழுகிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் அதே பூ நிறம் மாறித் தெரிந்தால் பொறுக்கி நெய்தது. பின்பக்கம் நூல் நீளநீளமாகத் தொங்கினாலோ படம் மங்கலாக இருந்தாலோ இயந்திரம்.

நூலையும் சோதிக்கலாம். ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றைத் தளரப் பிடியுங்கள். தக்களியில் நூற்று இரட்டை முறுக்கு ஏற்றிய நூல் தானாகவே சுருண்டு தன்னைச் சுற்றிக்கொள்ளும். ஆலை அக்ரிலிக் நூல் சோர்ந்து தொங்கும்.

நெல்லிமரம்:
சந்தையில் பெண்கள் முதுகில் குழந்தையும் காய்கறியும் கட்டி வரும் பளீர் நிறத் துணியும் அப்படி நெய்ததுதானா? அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள்.

தறியோசை:
பெரும்பாலும் இல்லை. தினசரிச் சுமைக்குக் கட்டுவது இயந்திரத்தில் நெய்த அக்ரிலிக் துணி. விலை குறைவு, சீக்கிரம் காயும், மழைக்கும் மண்ணுக்கும் தாங்கும். அதைப் போலி என்று சொல்வது தவறு, அவர்கள் அன்றாடம் புழங்குவது அதுதான். மேசைவிரிப்புக்கு அது போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதையே "பாட்டி நெய்தது" என்று சொல்லி நாலு மடங்கு விலை கேட்டால்தான் பிரச்சினை.

கைநூலில், இயற்கைச் சாயத்தில் நெய்த முழு அளவு யிக்யா வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் வேலை. சில நூறு சோலுக்குக் கீழே அது கிடைக்கவே கிடைக்காது. அவ்வளவு பணம் இல்லையென்றால் சும்பி எனும் இடைக்கச்சை வாங்குங்கள். அகலம் குறைவு, ஆனால் வேலைப்பாடு அதே தரம். கூஸ்கோவிலேயே நில்டா கயன்யாவ்பா 1996-இல் தொடங்கிய பாரம்பரிய நெசவு மையம் இருக்கிறது. சந்தைக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் நல்ல துணியைத் தொட்டுப் பாருங்கள். கை பழகிவிட்டால் சந்தையில் ஏமாற மாட்டீர்கள்.

மலைவாசல்:
ஸ்வெட்டர், சால்வை வாங்குகிறவர்களுக்கு: அல்பாக்கா என்பது லாமா போன்ற கம்பளி விலங்கு; "பேபி அல்பாக்கா" என்றால் அதன் குட்டியின் மயிர் என்று பொருளல்ல. அது நுண்மைத் தரம். இழையின் விட்டம் சுமார் 22–23 மைக்ரானுக்குள் இருந்தால் அந்தப் பெயர். பெரிய விலங்கிலிருந்தும் அது வரும். சந்தையில் அந்தச் சொல் எல்லாத் துணிக்கும் ஒட்டப்படுகிறது. "100 சதவீதம்" என்ற சீட்டு தனியாகவே கட்டுக் கட்டாக விற்கிறது, அதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

கன்னத்தில் வைத்தால் அல்பாக்கா முதலில் குளிர்ச்சியாக இருக்கும். கையில் கனம் தெரியும், மடித்தால் வழிந்து விழும். அக்ரிலிக் லேசாக, உப்பலாக, தொட்ட உடனே வெதுவெதுப்பாக இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கடைக்காரரிடம் கேட்டு ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் விலங்கின் இழை. உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பிளாஸ்டிக் இழை. நாற்றமும் வருகிறது, மணியும் நிற்கிறது என்றால் கலப்பு; சந்தையில் அதிகம் கிடைப்பது இந்தக் கலப்புதான். ஐம்பது சோல் ஸ்வெட்டரைக் கொளுத்திப் பார்க்கவே தேவையில்லை.

அல்பாக்காவின் காட்டு உறவான விக்கூன்யாவின் மயிர் என்று சொல்லி நூறு சோலுக்குக் கழுத்துத்துணி காட்டினால் நகர்ந்துவிடுங்கள். 12–13 மைக்ரான் இழை, ஒரு விலங்கில் ஒரு வெட்டுக்குக் கிடைப்பது கால் கிலோகூட வராது. அதோடு அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் விலங்கு. சரியான முத்திரைச் சீட்டு இல்லாமல் வாங்கினால் விமான நிலையத்தில் பறிபோகும்.

இன்னொரு பொறி: நகைக் கடையில் "அல்பாக்கா" என்றால் மயிரும் இல்லை, வெள்ளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்துக்கு அங்கே அதே பெயர். வெள்ளி என்றால் 950 முத்திரை தேடுங்கள், பெருவில் வழக்கமான தரம் அது.

சாயப்பானை:
சாயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜூலையில் போகிறவர் ஒரு கடையிலாவது நின்று கொச்சினியா அரைப்பதைப் பார்க்க வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பூச்சி அது. காய்ந்ததும் சாம்பல் பூத்த மிளகு போல, வெள்ளி ஓடிய சின்ன மணியாக இருக்கும். உள்ளங்கையில் நாலு மணியை வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் முதலில் காய்ந்த தூள்தான் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கை முழுக்கக் கருஞ்சிவப்பு. அதில் எலுமிச்சை இரண்டு சொட்டுப் பிழிந்தால் ஆரஞ்சுக்கு ஓடும். சாம்பலோ சோடா உப்போ ஒரு சிட்டிகை போட்டால் ஊதாவாகத் திரும்பும். ஒரே பூச்சி, அமிலமும் காரமும் மாறும்போது நிறம் மாறுகிறது. பானையில் படிகாரத்தோடு கம்பளி நூலைக் கொதிக்க வைப்பது சாயம் இழையில் பிடிப்பதற்கு.

பச்சைக்கு சில்கா இலை, கோல்பா எனும் கனிம உப்போடு. மஞ்சளுக்கு கோயே பூ. நீலத்துக்கு அவுரி.

கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை என்றால் ரசாயனச் சாயம். அதில் குற்றமில்லை, இயற்கைச் சாயம் என்று சொல்லாத வரை. இயற்கைச் சாய நூலில் ஒரே பட்டையிலேயே நிறம் லேசாக ஏறி இறங்கும். எந்தச் சாயமானாலும் வாங்கும் முன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் சரியாக அலசாத நூல். முதல் சலவையில் வெள்ளைப் பகுதியெல்லாம் பாழாகும்.

ஒரு சேதி. இந்தப் பூச்சியை நம் ஊரில் வளர்க்கப் பார்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது நல்ல சாயப் பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. சாயத் தொழில் எடுபடவில்லை, ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைப் பெருமளவு தின்று தீர்த்தது.

கிழங்குக்கூடை:
துணியிலேயே நின்றுவிட்டீர்கள். சந்தையின் உயிர் காய்கறிப் பக்கம். மேல் ஊர்களிலிருந்து இறங்கி வரும் பெண்கள் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். எடைக்கும் விற்பார்கள், கூறு கட்டியும் விற்பார்கள். கூறுக்கு அங்கே மொந்தோன் என்று பெயர். வாங்கி முடித்ததும் "யாப்பா" என்று கேளுங்கள். நம் கொசுறுதான், கெச்சுவாச் சொல். சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அழைப்பதற்கு "கசேரா". அவர்களும் வாடிக்கையாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலை முதல் வியாபாரம் என்றால் வாங்கிய காசைக் கையில் வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். போணிக் காசுக்கு அங்கேயும் மரியாதை. அந்த நேரத்தில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகாதீர்கள்.

உருளைக்கிழங்கு பிறந்த மண் அது. பீசாக்குக்கு மேலேயே கெச்சுவாச் சமூகங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா இருக்கிறது. ஊதா, கறுப்பு, உள்ளே வளையம் போட்டது, விரல் மாதிரி நீண்டது என்று வரும். முண்டும் முடிச்சுமாக அன்னாசி போன்ற ஒரு கிழங்கு உண்டு, கச்சுன் வக்காச்சி என்று பெயர். மருமகளை அழவைப்பது என்று பொருள், தோல் சீவச் சொல்லிப் பார்ப்பார்களாம். சீவ முயலாதீர்கள், தோலோடு வேகவைத்து உரிப்பதுதான் வழி.

கூழாங்கல் போலக் கறுப்பாகக் குவித்திருப்பது சுன்யோ. ஜூன், ஜூலை உறைபனி இரவுகளில் கிழங்கைப் புல்லில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தது. வருடக்கணக்கில் கெடாது. வெள்ளையாக இருப்பது மொராயா. உறைந்த கிழங்கை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பிறகு காயவைப்பார்கள், கசப்பும் நிறமும் போய்விடும். சமைக்க: இரவு முழுக்க ஊறவிடுங்கள், இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள், கையால் பிழியுங்கள், பெரிதானதைப் பிட்டுப் போடுங்கள், பிறகு கால் மணி முதல் இருபது நிமிடம் வேகவையுங்கள். எல்லாரும் செய்யும் தவறு ஊறும் நேரத்தைக் குறைப்பது. வெளியே குழைந்து, நடுவில் சுண்ணாம்புக் கட்டி போல நின்றுவிடும்.

ஓக்கா என்று சுருக்கம் விழுந்த சிவப்பு, மஞ்சள் கிழங்கு கிடைக்கும். பறித்த உடனே புளிக்கும். சில நாள் வெயிலில் வைத்தால் இனிக்கும். கடைக்காரரிடம் வெயில் காட்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.

தார்வி பருப்பில் மட்டும் கவனம். கசப்பு நீக்கி, தண்ணீரில் போட்டு, வெள்ளையாக விற்பதைச் சாப்பிடலாம், நல்ல புரதம். காய்ந்த விதையை அப்படியே வேகவைத்துத் தின்னக் கூடாது. அதிலுள்ள கசப்புப் பொருள் நஞ்சு. வேகவைத்து நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகுதான் உணவு.

குன்றிமணி:
சைவச் சாப்பாடு?

கிழங்குக்கூடை:
சோக்லோவும் சீஸும் முதல் தேர்வு. பல் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு பெரிய வெள்ளை மக்காச்சோளம், ஆவியில் வேகவைத்து, பக்கத்தில் உப்புச் சீஸ் துண்டு. நம் சோளம் போல இனிக்காது, மாவுச்சத்து அதிகம், ஒன்று தின்றால் வயிறு நிறையும். தொட்டுக்கொள்ள உச்சுகுட்டா: மிளகாய், வாக்கத்தாய் எனும் வாசனை இலை, வேர்க்கடலை சேர்த்து பத்தான் எனும் கல்லில் அரைத்தது. பத்தான் பார்க்க நம் அம்மி போல, ஆனால் குழவியை இழுத்து உருட்டுவதில்லை. பிறைவடிவ மேல்கல்லை இரு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டி அரைப்பார்கள். பார்த்தால் குடைமிளகாய் மாதிரி இருக்கும் ரொக்கோட்டோவை நம்பிக் கடிக்காதீர்கள். வெட்டினால் விதை கறுப்பாக இருக்கும், அதுதான் அடையாளம். காரத்துக்குப் பழகிய நாக்குக்கும் சுள்ளென்று ஏறும்.

சூப்பில்தான் சைவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "இறைச்சி இல்லாமல்" என்றால் துண்டை எடுத்துவிட்டு அதே எலும்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். சூப்பை விட்டுவிடுவதே நல்லது. மண் அடுப்பில் சுடும் எம்பனாடாவில் (உள்ளே பூரணம் வைத்த மாவுப் பண்டம்) சீஸ், தக்காளி வைத்ததைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன மாளிகை மாதிரி கட்டி அதில் கூய் எனும் கினிப் பன்றிகளை வைத்திருப்பார்கள். சமைப்பதற்குத்தான், குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டு வாசலில் நீண்ட கழியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் அங்கே சீச்சா, சோளக் கள், தயார் என்று பொருள்.

நெல்லிமரம்:
பேரம் எவ்வளவு பேசலாம்? பாதியில் ஆரம்பிக்கச் சொல்கிறார்களே.

மலைவாசல்:
இயந்திரச் சரக்கில் பாதியில் ஆரம்பிக்கலாம், இரண்டு மூன்று எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள். சில்லறைக் காசு வைத்திருங்கள். நூறு, இருநூறு நோட்டுக்கு மீதி இருக்காது. கொஞ்சம் கிழிந்த நோட்டையும் வாங்க மாட்டார்கள், அதனால் உங்களுக்கு மீதியாகக் கிழிந்தது வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தறியோசை:
கைநெசவில் நான் உடன்படவில்லை. நெய்தவரே உட்கார்ந்து விற்கும் இடத்தில் பாதி விலை கேட்பது அந்த மாதத்து உழைப்பைப் பாதியாக்குவது. பத்து சதவீதம், அதிகம் போனால் பதினைந்து. அதற்கு மேல் வேண்டுமென்றால் சின்னத் துணியாக வாங்குங்கள். நெய்தவர்தானா என்று அறிய ஒரே கேள்வி போதும்: இந்தப் பூவின் பெயர் என்ன? நெய்கிறவருக்கு ஒவ்வொரு பல்யாய்க்கும் பெயர் தெரியும், விரலால் காட்டி எண்ணிச் சொல்வார்.

மலைவாசல்:
அதை ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்னது தொப்பி, மப்ளருக்கு. படம் எடுப்பதிலும் அதே மரியாதை வேண்டும். ஆட்டுக்குட்டியோ லாமாவோ பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் படத்துக்கென்றே நிற்கிறார்கள், எவ்வளவு என்று முதலில் பேசிவிடுங்கள். காய்கறி விற்பவரிடம் ஏதாவது வாங்கிவிட்டு, கேமராவைக் காட்டி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று தொப்பியைத் தாழ்த்தினால் விட்டுவிடுங்கள். நன்றிக்கு "சுல்பாய்கி". ஸ்பானிய மொழியில் எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு கெச்சுவாச் சொல்லுக்கு முகம் மலரும்.

ஊர் திரும்பும்போது: கோக்கா இலை பெருவில் சட்டப்படி விற்கும், மலைநோய்க்குத் தேநீராகக் குடிப்பார்கள். இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம். தேநீர்ப் பை ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. விதைக்கிழங்கு, விதைச் சோளம் ஆகியவற்றுக்குத் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதி வேண்டும், ஆசைப்பட்டு எடுத்து வராதீர்கள்.

குன்றிமணி:
குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. கொச்சினியாச் சாயத் துணியை வீட்டில் எப்படித் துவைப்பது?

சாயப்பானை:
வாஷிங் மெஷின் வேண்டாம், சலவை சோடா கலந்த தூளும் வேண்டாம். காரம் பட்டால் சிவப்பு ஊதாவுக்குத் திரும்பும் என்று மேலே சொன்னேனே, அது துணியிலும் நடக்கும். அதே காரணத்துக்காக எலுமிச்சை, வினிகர் வைத்துக் கறை எடுக்கவும் கூடாது. குளிர்ந்த தண்ணீரில், தலைக்குப் போடும் மென்மையான ஷாம்பு ஒரு தேக்கரண்டி, ஐந்து நிமிடம் அமுக்கி எடுத்து, அதே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் தொடங்கிக் குளிர்நீருக்கு மாற்றினால் கம்பளி சுருங்கிக் கட்டியாகும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் அல்பாக்கா நீண்டுவிடும், திரும்பச் சுருங்காது.

தறியோசை:
பெட்டியில் வைக்கும்போது மடிப்பை மாற்றி மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த வரியில் இழை அறும். அந்துப்பூச்சிக்கு வேப்பிலையோ வசம்போ துணிப்பையில் கட்டி வையுங்கள், நேராகத் துணிமேல் படாமல்.